கிழக்குக் கடலின் கண்ணாடிக் கூடுகள்: ரேடியோலேரியாவை இனங்காண்பது எப்படி

மட்டக்களப்பு வாவிச் சேற்றில், கண்ணாடி போன்ற சிலிக்காவால் நுண்ணிய கூடு கட்டும் தனிக்கலக் கடலுயிரியான ரேடியோலேரியாவைத் தேடிப் பயனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நுணுக்குக்காட்டி ஒன்று கைக்குக் கிடைத்தால் எங்கள் பக்கத்து மாணவர்கள் முதலில் போவது வாவிக்கரைக்குத்தான். வடக்கே பங்குடாவெளி தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளும் அந்த நீரில் பார்க்க வேண்டியவை ஏராளம்: சிலிக்கா மூடியுள்ள நுண்பாசிகளான டயற்றங்கள், சுண்ணாம்பு ஓடுள்ள தனிக்கல உயிரிகளான பொராமினிபெரா, கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் கடற்பஞ்சு ஊசிகள். ஆனால் ரேடியோலேரியா திறந்த கடலின் உயிர். உப்பின் அளவு பெரிதாக ஏறி இறங்காத நீரில்தான் அது வாழும். மாரி மழையில் பாதி நன்னீராகி, வெயில் காலத்தில் மறுபடி உவர்க்கும் வாவி அதற்குச் சரிவராது.

நிலத்துப் பாறையிலும் அகப்படாது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் நிற்பது விஜயன் தொகுதி எனப்படும் நைஸ் வகை உருமாறிய பாறைகளின் மேல். அவற்றின் வயது ஏறக்குறைய 100 கோடி ஆண்டு. ரேடியோலேரியாவின் மிகப் பழைய கூடுகள் கேம்பிரியன் காலத்தவை, அதாவது சுமார் 50 கோடி ஆண்டுப் பழைமை. குடும்பிமலையின் பாறை உருவானபோது இந்த உயிரி கடலில் இருந்ததற்கே சுவடில்லை. அப்படியே இருந்திருந்தாலும் அந்தப் பாறை பட்ட வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் எந்தக் கூடும் மிஞ்சியிருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாலமீன்மடு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே புகும்போதோ, 2004 டிசம்பர் 26 போன்ற ஒரு நாளில் கடலே ஏறி வந்தபோதோ, ஓரிரு கூடுகள் வழிதவறி வந்திருக்கலாம். அதனால்தான் கரையோரச் சேற்றில் பழைய ஆழிப்பேரலைகளின் அடையாளத்தைத் தேடுகிறவர்கள் கடல் நுண்ணுயிர்ச்சுவடுகளில் கவனமாக இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் நம்புவது பொராமினிபெராவையும் டயற்றங்களையும்தான். ஆனால் வாவி மண்ணின் ஓர் அடுக்கில் மட்டும் ரேடியோலேரியாக் கூடு ஒன்று கிடைத்தால் அது அங்கே பிறந்ததல்ல, கடல் கொண்டுவந்து போட்டது என்று துணிந்து சொல்லலாம்.

சரி, எங்கே தேடுவது? கிழக்கே பார்க்க வேண்டும். எங்கள் கரையில் கண்டமேடை ஒடுக்கம். கொஞ்சத் தூரத்திலேயே கடல் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று இங்கே நிலத்தைக் காய்ச்சுகிற அதே மாதங்களில், கடலில் வேறொன்று நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் சுழற்சியால் இலங்கைக்குக் கிழக்கே, ஏறத்தாழ 7 பாகை வடக்கு, 83 பாகை கிழக்கில், ஆழத்துக் குளிர்ந்த நீர் மேல்நோக்கிக் குவிந்து எழுகிறது. கடலியலாளர் இதை இலங்கைக் குவிமாடம் என்கிறார்கள். மே மாதமளவில் தொடங்கி, ஜூலையில் முதிர்ந்து, செப்டெம்பரில் கலைந்துவிடும். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட கரையிலிருந்து நேர் கிழக்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகும் பல நாள் படகுகளுக்கு அது தெரிந்த நீர்தான். மேலே எழும் நீரோடு போசணைப் பொருட்களும் கரைந்த சிலிக்காவும் எழுகின்றன. சிலிக்கா உள்ள இடத்தில் சிலிக்காவால் கூடு கட்டும் உயிர்களுக்கு வேலை இருக்கும்.

ரேடியோலேரியா ஒரு தனிக்கல உயிரி. விலங்குமல்ல, தாவரமுமல்ல; புரொட்டிஸ்டா கூட்டத்தைச் சேர்ந்தது. பெரும்பாலானவை 30 முதல் 300 மைக்குரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குக்குள். உடலின் நடுவே மென்சவ்வாலான மையப்பை. அதைச் சுற்றி நுரை போன்ற கலவுரு. இவற்றைத் தாங்கி நிற்பது ஓப்பல் எனப்படும் நீர் கலந்த பளிங்குருவற்ற சிலிக்காவாலான கூடு. உயிர் போனபின் மிஞ்சுவது அந்தக் கூடு மட்டும். அதுவும் எல்லாம் மிஞ்சாது. கடல்நீரில் சிலிக்கா எப்போதும் நிறைவெல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே வெறுங்கூடு கீழே இறங்க இறங்கக் கரைகிறது. மெல்லியவை முதலில் போய்விடும். கடலடிச் சேற்றில் நாம் காண்பது தடித்த கூடுகளுக்குச் சாதகமான ஒரு தேர்வு. வகைப்படுத்துகிறவர் இதை எந்நேரமும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் எது ரேடியோலேரியா அல்ல

ஒரு வழுக்கியில், அதாவது நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகட்டில், ஆயிரம் துணுக்குகள் கிடக்கும். இனம் என்ன என்று கேட்குமுன், இது அந்தக் கூட்டமா என்று கேட்க வேண்டும்.

சுண்ணாம்பு ஓடுகளைப் பிரிப்பது எளிது. ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் பொராமினிபெரா பொங்கிக் கரைந்துவிடும், சிலிக்கா அசையாது. முனைவாக்கிய ஒளியில் பார்த்தாலும் போதும். சுண்ணாம்பு ஓட்டின் கல்சைற்று ஒளிரும், ஓப்பல் இருண்டே கிடக்கும். அமிலத்துக்குத் தப்பியவற்றில் டயற்றங்களைத் தெரிந்துகொள்ள அவற்றின் இரு மூடி அமைப்பும் மிக நுண்ணிய துளை வரிசைகளும் உதவும். குழப்பம் தருவது கடற்பஞ்சு ஊசிகள். உடைந்த ரேடியோலேரியா முள்ளும் பஞ்சு ஊசியும் ஒன்றுபோலவே தெரியும். பஞ்சு ஊசியின் நடுவே நீளவாக்கில் ஒரு மெல்லிய கால்வாய் ஓடும். ரேடியோலேரியா முள் உள்ளே திண்மமானது. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் பாதித் தவறுகள் குறையும்.

இன்னும் இரண்டு கூட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய நூல்களில் அவையும் ரேடியோலேரியா என்றே இருக்கும். அகாந்தேரியாவின் கூடு சிலிக்கா அல்ல, ஸ்ட்ரொன்சியம் சல்பேற்று. இருபது முட்கள், ஒரு நிலையான வடிவக் கணிதப்படி ஐந்து வட்டங்களில் நான்கு நான்காக அமைந்திருக்கும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் உயிர் போனதும் கடல்நீரில் வெகு விரைவில் கரைந்துவிடுவதால் உயிர்ச்சுவடாகக் கிடைப்பதில்லை. வலை போட்டு அள்ளிய நீரில் காணலாம், சேற்றில் காண முடியாது. அடுத்தது பையோடேரியா. சிலிக்காவோடு கரிமப் பொருளும் கலந்த, உள்ளே குழலான கூடு. 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வு இது ரேடியோலேரியாவின் உறவே அல்ல, செர்க்கோசோவா என்ற வேறு கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டியது. முழுக்கச் சிலிக்காவாலான திண்மக் கூடு கட்டும் பொலிசிஸ்டினாதான் உயிர்ச்சுவடு பார்ப்பவருக்கு உண்மையான வேலை.

கோளமும் கூம்பும்

பொலிசிஸ்டினாவில் இன்று கடலடிச் சேற்றில் அதிகம் கிடைப்பவை இரண்டு பெரும் வரிசைகள். ஸ்பியூமெல்லேரியாவின் கூடு ஒரு மையத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது: கோளம், நீள்கோளம், வட்டத்தட்டு, வில்லை. நாசெல்லேரியாவின் கூடு ஓர் அச்சைப் பிடித்துக் கட்டப்பட்டது: ஒரு முனை மூடியது, மறுமுனை திறந்தது, பெரும்பாலும் கூம்பு அல்லது மணி வடிவம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மென்னுடலில் இருக்கிறது. ஸ்பியூமெல்லேரியாவின் மையப்பைச் சவ்வில் துளைகள் எல்லாப் பக்கமும் பரந்திருக்கும். நாசெல்லேரியாவில் அவை ஒரு முனையில் மட்டும் குவிந்திருக்கும். ஜேர்மன் விலங்கியலாளர் ரிச்சார்ட் ஹெர்ட்விக் 1879இல் இதை அடிப்படையாக வைத்தே பெரும் பிரிவுகளை வகுத்தார். சவ்வு சுவடாக மிஞ்சுவதில்லை. உயிருள்ளபோது பிரிப்பதற்கு வைத்த அளவுகோல் இறந்தபின் கிடையாது. கூட்டின் வடிவத்திலிருந்து பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக கொலோடேரியா. பெரும்பாலும் பல உயிரிகள் ஒரே கூழ்மத்துக்குள் கூட்டாக வாழ்பவை. சிலவற்றுக்குக் கூடே கிடையாது. இருப்பவற்றிலும் ஒற்றைக் கோளம்தான்: உள்ளே வேறு கோளம் இல்லை, மையத்திலிருந்து வெளியே நீளும் ஆரைச் சட்டங்கள் இல்லை, துளைகள் ஒழுங்கற்றவை. கூட்டுக் குடித்தனம் மீற்றர் அளவுக்கு நீளவும் கூடும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வலையில் ஒட்டிய கூழ் இழையைச் சொறி என்று நினைத்து உதறிவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஹெக்கல் எண்ணியதும் எண்ணத் தவறியதும்

ரேடியோலேரியா என்றால் ஜேர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலைத் தவிர்க்க முடியாது. 1838இல் எஹ்ரன்பெர்க் பொலிசிஸ்டினா என்ற பெயரை வைத்தார், 1858இல் யொஹானஸ் மியூல்லர் ரேடியோலேரியாவுக்கு அடித்தளம் போட்டார். ஆனால் கட்டடத்தை எழுப்பியவர் ஹெக்கல்தான். பிரித்தானியாவின் சலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி அள்ளி வந்த மண்ணைப் பார்த்து, 1887இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 739 பேரினங்கள், 4318 இனங்கள், 140 படத் தட்டுகள். அந்த வேலைக்கு நடுவே 1881 நவம்பரில் இலங்கைக்கே வந்தார். நாலு மாதமளவில் தங்கினார். தென்கரையிலுள்ள வெலிகமையில் ஓய்வு விடுதியில் ஆய்வகம் வைத்துக் கடலில் வலை இழுத்தார். கிழக்குக் கரைக்கு வரவில்லை. சலஞ்சரும் வங்காள விரிகுடாவுக்குள் நுழையவில்லை. அந்த மாபெரும் அறிக்கையில் எங்கள் கடல் ஒரு வெற்றிடம்.

படங்கள் இன்றும் எல்லோரையும் மயக்குகின்றன. வகைப்பாடு அப்படியல்ல. ஹெக்கல் எண்ணினார். ஸ்பியூமெல்லேரியாவில் எத்தனை கோளங்கள் ஒன்றுக்குள் ஒன்று: ஒன்றா, இரண்டா, மூன்றா. வெளியே எத்தனை முட்கள்: எதிரெதிராக இரண்டா, குறுக்காக நான்கா, மூன்று அச்சுகளில் ஆறா, அதற்கு மேலா. நாசெல்லேரியாவில் ஒன்றன்கீழ் ஒன்றாக எத்தனை கணுக்கள் (அறைகள்), எத்தனை கால்கள். எண்ணிக்கையின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பெட்டி. காலியாக இருந்த பெட்டிகளுக்கும் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது.

சிக்கல் என்னவென்றால் இந்த உயிரி வளர்கிறது. பல ஸ்பியூமெல்லேரியாக்கள் உட்கோளத்தை முதலில் கட்டி, அப்புறம் ஆரைச் சட்டங்களை நீட்டி, அவற்றின் மேல் அடுத்த கோளத்தை எழுப்புகின்றன. இரண்டு கோளத்தோடு இறந்த இளசு ஒரு பெட்டிக்கும், மூன்றாவதையும் கட்டி முடித்த முதிர்ந்தது இன்னொரு பெட்டிக்கும் போய்விடும். நாசெல்லேரியாவும் தலையில் தொடங்கிக் கணுக்கணுவாகக் கீழ்நோக்கி நீள்கிறது. இரண்டு கணுவோடு நின்ற பிள்ளை ஒரு குடும்பம், ஐந்து கணுவுள்ள தாய் இன்னொரு குடும்பம் என்றால் அது வகைப்பாடா? உடைந்தவையும் கரைந்தவையும் இதே கதிக்கு ஆளாகும். கீழ்க்கணு உடைந்து போனால் உயிரி வேறு இனமாகிவிடாது.

ஹெக்கலைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வடிவங்களை முதலில் யாராவது பிரித்து வைக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இன்றும் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் அதே வழியில் போகிறார்: கண்ணில் முதலில் படும் வெளி முள்ளையும் துளையையும் வைத்துப் படத்தோடு ஒப்பிடுகிறார். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரான வரிசை. கூட்டில் முதலில் கட்டப்பட்டதை முதலில் பாருங்கள், கடைசியில் கட்டப்பட்டதைக் கடைசியில் பாருங்கள்.

உட்புறத்தைப் பார்ப்பது

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். சாதாரண ஊடுகடத்தும் ஒளி நுணுக்குக்காட்டியே சிறந்தது. குவியத் திருகை மெல்ல மெல்ல இறக்கினால் முதலில் மேற்புறத் துளைகள் தெளியும், அப்புறம் அவை மங்கி வெளிக்கோளத்தின் விளிம்பு தெரியும், அதற்குள்ளே இன்னொரு வட்டம், சில வேளை அதற்குள் மூன்றாவது. இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் மேற்பரப்பை அற்புதமாகக் காட்டும். ஆனால் கூடு உடைந்திருந்தால் ஒழிய உள்ளே ஒன்றும் தெரியாது. ஆரம்பகாரர்களை அந்த அழகான படங்கள் கெடுக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

ஸ்பியூமெல்லேரியாவில் வெளிக்கோளத்தைப் புறணிக்கோளம் என்றும் உள்ளிருப்பவற்றை அகணிக்கோளங்கள் என்றும் சொல்லலாம். கேட்க வேண்டியவை இவை: மிக உள்ளே இருப்பது கோளமா, சுருளா, வெறும் பஞ்சுத் திரளா? அகணிக்கோளம் ஒன்றா இரண்டா? அதிலிருந்து புறப்படும் சட்டங்கள் வெளி முட்களாகத் தொடர்கின்றனவா, அல்லது வெளி முட்கள் புறணியிலேயே தொடங்குகின்றனவா? உள்ளிருந்தே வரும் முள் நம்பத்தக்க அடையாளம். மேற்பரப்பில் மட்டும் முளைத்த சிறு முள் சூழலுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். ஹெக்ஸகொன்டியம் என்ற பேரினத்தில் ஆறு முட்களும் உட்கோளத்திலிருந்து மூன்று அச்சுகளில் நீண்டு வருவதால் அந்த ஆறுக்கு மதிப்புண்டு.

டிடிமோசிர்ட்டிஸ் பேரினம் இதற்கு நல்ல பாடம். அதன் புறணி நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் பருத்து, இரு பருப்புள்ள கச்சான் (நிலக்கடலை) கோது மாதிரி இருக்கும். ஒடுக்கத்தின் உள்ளே இரட்டை அகணிக்கோளம். இரு முனைகளிலும் பஞ்சுபோன்ற தூணோ தொப்பியோ. மயோசீன் காலம் (சுமார் 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்) முழுக்க இந்த வடிவம் படிப்படியாக மாறிக்கொண்டே வந்தது. முனைத்தூண் மறைந்து தொப்பியானது, தொப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகின, மறுபடி குறைந்தன. முன்பு இந்த ஒரே பரம்பரையின் துண்டுகளை கன்னார்ட்டஸ், ஓமட்டார்ட்டஸ் என வெவ்வேறு பேரினங்களில் போட்டிருந்தார்கள், வெளித்தோற்றம் அவ்வளவு மாறியிருந்ததால். 1980இல் ஆய்வாளர்கள் சன்பிலிப்போவும் ரீடலும் அவற்றை ஒன்றாக்கினார்கள். அந்தப் பரம்பரையின் கடைசி வாரிசான டிடிமோசிர்ட்டிஸ் டெட்ராதலமஸ் இன்றும் வெப்பக் கடல்களின் மேல்நீரில் வாழ்கிறது.

ஸ்பொங்காஸ்டர் பேரினமும் இப்படித்தான். முழுவதும் பஞ்சுபோன்ற தட்டு. இன்று வாழும் ஸ்பொங்காஸ்டர் டெட்ராஸ் நாற்கோணம். அதற்கு முன், மயோசீனை அடுத்து வந்த பிளியோசீன் காலத்தில் இருந்த ஸ்பொங்காஸ்டர் பென்டாஸ் ஐங்கோணம். மூலைகளை எண்ணினாலே போதும் என்று தோன்றும். ஆனால் இடைப்பட்ட அடுக்குகளில் ஐந்துக்கும் நாலுக்கும் நடுவே தடுமாறும் தட்டுகள் கிடைக்கும்.

நாசெல்லேரியாவில் உட்புறம் இன்னும் சுவையானது. மேல்முனையில் உள்ள சிறு அறையைத் தலை என்பார்கள். அதன் கீழே மார்பு, அப்புறம் வயிறு, அதற்கும் கீழே மேலதிகக் கணுக்கள். தலைக்கும் மார்புக்கும் இடையிலான ஒடுக்கம் கழுத்து ஒடுக்கம், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலானது இடுப்பு ஒடுக்கம். தலைக்குள்தான் திறவுகோல் இருக்கிறது. அங்கே ஒரு சிறு நடுச்சட்டம். அதன் ஒரு முனையிலிருந்து மேலே ஒரு முள் எழும், அது தலைக்கு மேல் கொம்பாக நீளலாம். முதுகுப்புறம் ஒரு முள்ளும் இரு பக்கங்களிலும் இரண்டு முட்களும் கீழே இறங்கும், அவையே மூன்று கால்களாகத் தொடரலாம். எதிர்முனையிலிருந்து இன்னொரு முள் சாய்வாக வெளியேறும். இந்தத் தொகுதியைத் தொடக்க முட்கட்டு எனலாம். கூடு முழுவதும் இதன் மேல்தான் எழுகிறது. ரஷ்ய ஆய்வாளர் மரியா பெட்ருஷெவ்ஸ்கயா 1970களில் எழுதியவை தலைக்குள்ளிருக்கும் இந்த அமைப்பை வகைப்பாட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தன.

தலையைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லக்கூடிய இடங்கள் உண்டு. தலை மிகப் பெரிதாகி மற்றக் கணுக்கள் ஒன்றோ இல்லையோ என்றிருந்தால் பிளாகியகாந்திட் பக்கம் பாருங்கள். தலை நடுவில் ஒடுங்கி இரு மடலாகி, உள்ளே வளையம் ஒன்று ஒடுக்கத்தோடு ஒட்டியிருந்தால் ஸ்பைரிட். தலை மூன்று மடலாக, ஒரு பெரிய மடலுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறு மடல்கள் என்றால் டெரோகோரிதிட். தலையின் பக்கத்திலிருந்து குறுங்குழாய் ஒன்று நீண்டு, மிகுதிக் கணுக்களில் துளைகள் குறுக்கு வரிசையில் ஒழுங்காக இருந்தால் ஆர்ட்டோஸ்ட்ரோபிட். தலை மார்புக்குள் புதைந்து வெளியே தெரியாவிட்டால் கார்ப்போகானிட். இதற்கெல்லாம் பின்புதான் துளையின் வடிவம், அதன் வரிசை, கால்களின் வளைவு, திறந்த வாயின் பல் என்று இறங்கி இனப்பெயருக்குப் போக வேண்டும்.

தொடக்க முட்கட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. இந்த உயிரிகளை ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்க இன்னும் முடியவில்லை. ஆகவே எது பரம்பரைப் பண்பு, எது சூழல் தந்தது என்று வளர்த்துச் சோதிக்க வழியில்லை. கடந்த இருபதாண்டில் ஒவ்வொரு தனிக்கலமாகப் பிடித்து, படமெடுத்து, மரபணுவை வாசிக்கும் வேலை நடக்கிறது. அதில் கோளம், கூம்பு என்ற பெரிய பிரிவுகள் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. குடும்ப மட்டத்தில்தான் இடமாற்றங்கள் நடக்கின்றன. ஐந்தாண்டுக்கு முந்திய பட்டியலில் உள்ள குடும்பப் பெயரை அப்படியே எழுதுமுன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பழைய பாறைகளில் கிடைக்கும் கூட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலியோசோயிக் காலத்து (சுமார் 54 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) அல்பைலெல்லேரியா கோளமுமல்ல, வழக்கமான மணியுமல்ல. இருபக்கச் சமச்சீருள்ள, மூன்று சட்டங்கள் கூடி அமைந்த சட்டகம். அவை அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியான பெர்மியனின் முடிவோடு ஏறத்தாழ மறைந்தன. என்டாக்டினேரியா வெளியே கோளம்தான், ஆனால் உள்ளே கோளத்துக்குப் பதில் ஒரு முட்கட்டு. உள்ளே பார்க்காதவர் அதை நேரே ஸ்பியூமெல்லேரியாவில் போட்டுவிடுவார்.

இவை செர்ட் எனப்படும் கடுஞ்சிலிக்காப் பாறையில் கிடக்கும். 1970களின் தொடக்கத்தில் ஐதான ஐதரோபுளோரிக் அமிலத்தால் பாறையை மெல்ல அரித்துக் கூடுகளை வெளியே எடுக்கும் முறை பரவியது. அதன் விளைவு பெரிது. யப்பானில் பலியோசோயிக் காலத்தவை என்று பாடநூலில் இருந்த செர்ட் பாறைகள் பல அதற்குப் பிந்திய ட்ரயாசிக், ஜுராசிக் காலத்தவை என்று தெரியவந்து, அந்நாட்டுப் புவியியல் வரைபடமே மாறிப்போனது. அவர்கள் அதை ரேடியோலேரியப் புரட்சி என்றே சொல்கிறார்கள். அந்த அமிலம் தோலைத் தாண்டி எலும்பு வரை போவது. பாடசாலை ஆய்வகத்தில் யாரும் தொட்டுப் பார்க்கக் கூடாது.

கடலடிச் சேற்றுக்கு அது தேவையுமில்லை. ஐதரசன் பரவொட்சைட்டில் ஊறவைத்தால் கரிமப் பொருள் போகும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகும். 45 அல்லது 63 மைக்குரோமீற்றர் அரிதட்டில் கழுவினால் களிமண் போகும். மிஞ்சியதை வழுக்கியில் உலரவிட்டு கனடா பல்சம் போன்ற பிசின் இட்டு மூட வேண்டும். 

எட்டாம் பாகைக் கோட்டில்

எங்கள் கரைக்கு நேர் கிழக்கே கடலடியில் துளையிட்டிருக்கிறார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1972இன் தொடக்கத்தில் குளோமார் சலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் டார்வினிலிருந்து கொழும்பு நோக்கி வந்த பயணத்தில், 8 பாகை வடக்கில் 218 என்ற இலக்கமிட்ட துளையைப் போட்டது. வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடைப்பட்ட கரையிலிருந்து சுமார் 500 கிலோமீற்றர். 2015 ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை ஜொய்டெஸ் ரிசொலூஷன் கப்பல் சிங்கப்பூரில் புறப்பட்டுக் கொழும்பில் முடித்த பயணத்தில் அதே எட்டாம் பாகைக் கோட்டில் ஏழு இடங்களில் துளையிட்டது. அங்கே கடலடி வங்காள விசிறி. இமயத்தைக் கரைத்துக் கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவரும் மண், நீரடிச் சரிவுகளாகப் பாய்ந்து வந்து படிந்த, உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி அது.

ரேடியோலேரியா பார்ப்பவருக்கு அது சுலபமான இடமல்ல. தூய ரேடியோலேரியச் சேறு வேண்டுமானால் நிலத்து மண் எட்டாத, மத்திய இந்து சமுத்திரத்தின் தென்பகுதிக்குப் போக வேண்டும். மங்கனீசு முடிச்சுகள் கிடக்கும் அந்தப் பகுதியைத்தான் இந்தியா பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இன்னும் தெற்கே கடலடியிலிருந்து எடுத்த இரண்டு சேற்றுத் தண்டுகளிலிருந்து (நீண்ட உருளை மாதிரிகளிலிருந்து), 1976இல் ஹேய்ஸ், இம்ப்ரி, ஷக்கில்டன் என்ற ஆய்வாளர் மூவரும் 4 இலட்சத்து 50 ஆயிரம் ஆண்டு வரலாற்றை வாசித்தார்கள். பனியுகங்கள் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு ஒத்துப்போகின்றன என்று காட்டிய அந்த ஆய்வின் மூன்று அளவைகளில் இரண்டு ரேடியோலேரியாவிலிருந்து வந்தவை: கூட்டங்களின் சேர்க்கையிலிருந்து கணித்த மேல்நீர் வெப்பநிலை ஒன்று, சைக்ளடோபோரா டேவிசியானா என்ற குளிர்நீர் நாசெல்லேரியாவின் விழுக்காடு இன்னொன்று. டேவிசியானாவை அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து பிரிக்கத் தெரியாதவர் கையில் அந்த விழுக்காடு வெறும் எண்தான்.

வங்காள விசிறியில் மண் அடர்த்தி கூடுகளை ஐதாக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு நீரடிச் சரிவுகள் மேலே படிந்திருந்த பழைய அடுக்குகளை அரித்துப் புதிய அடுக்குக்குள் கொண்டுவந்து சேர்க்கக்கூடியவை. இங்கே இனத்தைச் சரியாகச் சொல்லியும் வயதில் பிழைவிட வாய்ப்புண்டு. ஸ்டைலட்ராக்டஸ் யூனிவெர்சஸ் என்ற ஸ்பியூமெல்லேரியா, நீள்கோளப் புறணியும் இரு முனைகளில் இரண்டு முட்களும் உள்ளது, சுமார் 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் எங்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அழிந்தது. புக்சினோஸ்பியரா இன்வஜினாட்டா என்ற கொலோடேரியா, கோளத்தின் சுவர் பல இடங்களில் உள்நோக்கிக் குழிந்தது, சுமார் 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் தோன்றியது. உயிரோடு இவை இரண்டும் ஒரே நீரில் மிதந்ததே இல்லை. ஒரே வழுக்கியில் இரண்டும் கிடந்தால் அந்தச் சேறு 2 இலட்சம் ஆண்டுக்கு இளையது, ஸ்டைலட்ராக்டஸ் வேறொரு சரிவிலிருந்து அள்ளி வரப்பட்டது. அதன் முனை முட்கள் மழுங்கியிருக்கின்றனவா, துளைகளில் பழைய களிமண் அடைத்திருக்கிறதா என்று பொருள்வில்லையை மாற்றி மறுபடி பார்க்க வேண்டிய இடம் அது.